போனில் வந்த என் பேர்

போன வருஷம் மாங்காய் சீசன் முடிந்த கையோடு, என் மகளின் கல்யாணப் பேச்சுக்காக, அவளையும் அழைத்துக்கொண்டு நானும் மனைவியும் திருப்பதிக்குப் போயிருந்தோம். பையனும் அவளும் ஸ்ரீசிட்டியில் ஒரே கம்பெனியில் வேலை. இருவருக்கும் பிடித்துப்போய், பெரியவர்கள் பேசி முடிக்கவேண்டியதுதான் பாக்கி.

நான் வெதுருகுப்பம் பக்கம் டிராக்டர் ஓட்டுகிறவன். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. அன்றிலிருந்து ஊரில் நான் 'நொண்டி'தான். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், அவ்வளவுதான். அதற்கெல்லாம் கோபப்பட்டால் ஊரில் பிழைக்க முடியுமா?

பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வழி கேட்க பையனின் அப்பாவுக்குப் போன் செய்தேன். புது நம்பர் என்றால், மற்றவர்கள் என்ன பேரில் பதிந்து வைத்திருக்கிறார்களோ அதையே காட்டும் ஆப் ஒன்று அவர் போனில் இருந்திருக்கிறது. நாங்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் மனிதர் போனைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "'நொண்டி டிராக்டர்'னு வந்துச்சு! யாரோ இன்னாவோன்னு எடுத்தா, நம்ம சம்மந்தி!"

கூடியிருந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மகள் மட்டும் எழுந்து நின்றாள்.

"தப்பா நெனைக்காதீங்க மாமா. எங்க நைனாக்குன்னு ஒரு பேரு கீது. அதச் சொல்லிக் கூப்புடுங்க."

போச்சு, இவள் வாயாலேயே சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஏய், உக்காரும்மா! ஊரே கூப்புட்றதுதானே. இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாத்துக்கும் ரோசம்" என்று அதட்டினேன். பிறகு அவரைப் பார்த்து, சின்னப் பெண், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று கெஞ்சாத குறை.

அவர் எழுந்து உள்ளே போனார். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். பையன் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். என் மகள் நின்ற இடத்திலேயே நின்றாள். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தவர், என் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தார்.

"உங்க பேரு சொல்லுங்க சம்மந்தி. மாத்தி வெச்சிக்கிறேன்."

பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்வதுபோல் இனிஷியலோடு சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். தட்டிக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"எனக்கு மாறுகண்ணு. வேலை செய்ற எடத்துல என்னைய 'ஒன்றக்கண்ணு'ன்னுதான் கூப்புட்டாங்க, ரிட்டயர் ஆவுற வரைக்கும். நானும் சிரிச்சிக்கினேதான் இருந்தேன். எனக்காக இப்டி எழுந்து கேக்க ஒருத்தரும் இல்ல." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "இந்தப் பொண்ணு நம்ம வீட்டுக்கு வரட்டும்பா. இனிமே எனக்கும் சேத்துக் கேக்கும்" என்றார்.

துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். இத்தனை வருஷமாக வலித்திருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஊர் இன்னமும் பழைய பேரில்தான் கூப்பிடுகிறது. ஆனால் சம்பந்தி போனை எடுத்ததும் என் பேரைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார். அதைக் கேட்கும்போதெல்லாம், நான் உட்காரச் சொல்லி அதட்டியும் உட்காராமல் நின்ற என் மகளுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.