கேஸ் அடுப்பைப் பார்க்க ஒரு கேமரா

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புக்கென்றே ஒரு கேமரா உண்டு. கேட்டுக்கு ஒன்று, பின்கதவுக்கு ஒன்று, மோட்டார் சுவிட்சுக்கு ஒன்று என்று மொத்தம் நான்கு. பனியன் கம்பெனியில் கட்டிங் டேபிளில் துணியை விரித்ததும் நான் முதலில் செல்போனில் சிலிண்டர் ரெகுலேட்டரைத்தான் பார்ப்பேன். மூடியிருக்கும். பத்து நிமிடம் கழித்துத் திரும்பவும் பார்ப்பேன்.

முட்டிவலி தாங்காமல் என் மனைவி, தைத்த பீஸ்களில் குறை பார்க்கும் செக்கிங் வேலையை விட்டாள். எக்ஸ்போர்ட்டில் மிஞ்சிய டி-ஷர்ட்களை வீட்டிலிருந்தே செல்போனில் லைவாகக் காட்டி விற்கலாம் என்று ஒரு ஞாயிறு மாலை ஆரம்பித்தாள். ஐந்தாவது நிமிடம், திறந்த வாய் மூடாமல் திரையில் உறைந்து நின்றாள். "அக்கா, சிலையாட்ட நிக்கறீங்க" என்று கமெண்ட் வந்தது. ஒரு பீஸ்கூடப் போகவில்லை.

"அடுத்த வாரமும் இப்படியே ஆச்சுன்னா, நான் மறுபடி செக்கிங்குக்கே போயிர்றனுங்க," என்றாள். நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை அது.

இன்டர்நெட்டுக்கு நாங்கள் போட்டிருந்தது நூறு ஸ்பீடு பிளான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எனக்குத் தெரிந்த நம்பர் நூல் கவுண்ட் ஒன்றுதான். அதில் நம்பர் ஏற ஏற நூல் மெலிசாகும். தெரியாமல் மெலிசான லைனை வாங்கிவிட்டோமோ என்று இரண்டு நாள் கவலைப்பட்டேன். பிறகு, சோதித்துப் பார்க்க நூறு எம்பி வீடியோ ஒன்றை அனுப்பினேன். ஒரு நொடியில் போயிருக்க வேண்டும். நான் டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்தேன். அது இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

இன்டர்நெட் லைன்மேனைக் கூப்பிட்டேன். வீட்டுக்கு வந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்.

"அண்ணாச்சி, நூறுங்கது உள்ள வாரதுக்கு. வெளிய போறதுக்குப் பத்துதான்," என்றார்.

"அப்படிப் பாத்தாலும் பத்து செகண்டுல போயிருக்கோணுமில்லீங்க?"

"ஸ்பீடை பிட்டுல சொல்லுவாவ. வீடியோவை பைட்டுல சொல்லுவாவ. எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு. அப்ப எம்பது செகண்டு ஆவும்."

இது எனக்குப் பிடிபட்டது. அவர்கள் பீஸ் கணக்கில் சொல்கிறார்கள், நாம் டசன் கணக்கில் அனுப்புகிறோம். அவர்கள் டசனுக்கு எட்டு.

"எனக்கு ஏழு நிமிஷம் ஆச்சுங்களே?"

அவர் அண்ணாந்து பார்த்தார். சமையலறைக் கேமரா கண்ணில் பட்டது.

"இது என்னத்தைப் பாக்கு?"

"ரெகுலேட்டரைங்க."

கேமராவையும் ரெகுலேட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதே மாதிரி எத்தனை?"

"நாலுங்க."

"ஒவ்வொண்ணும் நாள் பூரா படத்தை வெளிய அனுப்பிக்கிட்டே இருக்கு, அண்ணாச்சி. அந்தப் பத்துல ஒண்ணுக்கு ரெண்டு வச்சாலும் நாலுக்கு எட்டு போயிட்டு. மிச்சம் ரெண்டுலதான் அக்கா நிக்காவ."

உள்ளே டி-ஷர்ட் மடித்துக்கொண்டிருந்த அக்கா வெளியே வந்தாள். "நான் ஊட்டுலயேதான இருக்கறன்? என்னையவிட அது நல்லாப் பாக்குதுங்களா?"

"வேணும்னா வாசக் கேட் கேமராவ மட்டும் நிறுத்திக்கலாம் அம்மிணி..." என்று இழுத்தேன்.

"நாலையும்."

அடுத்த ஞாயிறு ஷிப்மென்ட் அவசரம் என்று எனக்குக் கம்பெனி இருந்தது. நாலு மணிக்கு லைவ். பத்து நிமிடம் முன்பே செல்போனிலிருந்து ஒவ்வொரு கேமராவாக நிறுத்தினேன். கேஸ் கேமராவைக் கடைசியில்தான் நிறுத்தினேன். பிறகு பார்க்க ஒன்றுமில்லாமல் அவளுடைய லைவையே திறந்தேன்.

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. "தொவைச்சாலும் சாயம் போகாதுங்க," என்று மெரூன் டி-ஷர்ட்டைத் தூக்கிக் காட்டினாள். அவளுக்குப் பின்னால் சமையலறை தெரிந்தது. சிலிண்டரும் தெரிந்தது. ரெகுலேட்டரை மட்டும் அந்த டி-ஷர்ட் மறைத்துக்கொண்டிருந்தது. இறக்குவாள் என்று பார்த்தேன். பாட்டில் கிரீனைத் தூக்கினாள். பொறுக்க முடியவில்லை. "கேஸ் மூடியாச்சா?" என்று கமெண்ட் போட்டுவிட்டேன்.

அவள் அசையாமல் நின்றாள். லைன்தான் மறுபடியும் போச்சோ என்று எனக்கு உயிரே போனது.

"மூடியாச்சுங்க," என்றாள், நேராக என்னைப் பார்த்து. "துணியப் பாத்து வெட்டுங்க."

உடனே என் கமெண்ட்டுக்குக் கீழே யாரோ ஒரு அம்மாவின் கமெண்ட் வந்தது:

"அக்கா, மெரூன்ல எனக்கு ரெண்டு எடுத்து வைங்க. எங்க ஊட்டு கேஸப் பாத்துட்டு வந்தர்றன்."