உள்ளே வர முடியாத ஹெல்லேவி

ஹெல்லேவிக்குத் தொண்டை கட்டத் தொடங்கியது அவளுடைய ஐம்பத்திரண்டாவது வயதில். பின்லாந்தின் கிழக்கே, ஏரியை ஒட்டிய எங்கள் சிற்றூர்ப் பள்ளியில் அவள் முதல் வகுப்பு ஆசிரியை. நான் அவுலிஸ், அதே பள்ளியின் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டவன். சின்ன வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் என்பதால் எங்களுக்குள் 'வா, போ' என்ற பேச்சுத்தான்.

திங்கள் காலையில் கணீரென்று இருக்கும் குரல் புதன்கிழமைக்குள் கரகரத்துவிடும். வெள்ளியன்று கையைத் தட்டித்தான் பிள்ளைகளை உட்காரவைப்பாள். சனி, ஞாயிறு புருஷனோடு ஏரியில் வலை போட்டுவிட்டு வந்தால் குரல் திரும்பிவிடும்.

"அவுலிஸ், இந்த அலமாரிக்குப் பின்னால மோந்து பாரு. உருளைக்கிழங்கு அழுகின நிலவறை மாதிரி அடிக்குது."

மோந்து பார்த்தேன். முப்பது வருடம் சிகரெட் பிடித்த மூக்கு, ஒன்றும் தெரியவில்லை. அலமாரியை நகர்த்தினேன். சுவரில் தட்டு அளவுக்கு ஒரு மஞ்சள் கறை இருந்தது. தலைமை ஆசிரியர் சாகாரி வந்து பார்த்தார். "பழைய கறைப்பா. ஒரு கோட்டிங் பெயிண்ட் அடிச்சு விடு" என்றார். அடித்தேன். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தபோது, வெள்ளி மாலை காற்றோட்ட இயந்திரத்தை நிறுத்தி, திங்கள் காலை மறுபடி போட்டதும் நான்தான்.

ஆசிரியர் அறையில் அவளைக் கேலி செய்தார்கள். "வேட்டைக்கு இந்த வருஷம் நாய் வேண்டாம், ஹெல்லேவியைக் கூட்டிட்டுப் போலாம்" என்பார் விளையாட்டு ஆசிரியர். "கூட்டிட்டுப் போ. காட்டுலயாச்சும் மூச்சு விடலாம்" என்று இவளும் சிரிப்பாள். மருத்துவரோ, "இந்த வயசுல பொம்பளைங்களுக்கு இப்படித்தான் இருக்கும். மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது குளிர்காலத்தில், எழுத்துச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் கரும்பலகையைப் பிடித்தபடியே சரிந்தாள். நான்தான் தூக்கி வெளியே பனியில் உட்காரவைத்தேன். அதற்குப் பிறகு அவள் வகுப்பறைக்குத் திரும்பவில்லை.

ஒருமுறை கெட்ட உடம்பு அதோடு நிற்கவில்லை. நூலகத்தில் ஐந்து நிமிடம் நின்றால் மூச்சு இழுத்தது. தேவாலயத்தின் சமூகக்கூடம், அஞ்சலகம், மருந்துக்கடை என்று ஒவ்வொரு கதவாக அவளுக்கு மூடிக்கொண்டது. நூலகத்துப் பெண் புத்தகங்களை வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். ஹெல்லேவி அவற்றைத் துணி காயப்போடும் கொடியில் ஒரு வாரம் காற்றாடத் தொங்கவிட்டு வாசிப்பாள். பிறகு அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் கழித்துப் பிள்ளைகளுக்கும் மூக்கில் ரத்தம் வரவே, பள்ளிச் சுவரைப் பிரித்தார்கள். நான் பெயிண்ட் அடித்த பலகைக்குப் பின்னால், குளிர் தாங்கத் திணித்திருந்த பஞ்சு முழுவதும் பூஞ்சை பிடித்துக் கரேலென்று நனைந்து கிடந்தது. அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனேன். பள்ளி வாடை போகக் குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் போனேன். அப்படியும் வாசலிலேயே நின்றேன்.

"நீ சொன்னது சரி ஹெல்லேவி. நான்தான் மேல பெயிண்ட் அடிச்சு மூடினேன்."

"நீ மோந்து பாத்தியே. மத்தவங்க அதுகூடச் செய்யல" என்றாள். அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அடுத்த இலையுதிர்காலத்தில் அவள் புருஷன் தவுனோவுக்குப் பக்கவாதம் வந்தது. காட்டிலிருந்து மரம் ஏற்றிவரும் லாரி ஓட்டியவன். இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய உடம்பு. ஊர் மருத்துவ நிலையத்து வார்டைத் தவிர வேறு எங்கும் இடமில்லை. அதுவும் பள்ளி கட்டிய அதே வருடங்களில் கட்டிய தட்டைக் கூரைக் கட்டடம். முதல் நாள் அவனைப் பார்க்கப் போன ஹெல்லேவியையே பிராணவாயு வைத்து வெளியே கொண்டுவந்தார்கள்.

தவுனோவின் படுக்கை தரைத்தளத்தில், ஜன்னலை ஒட்டி இருந்தது. தினமும் மதியம் இரண்டு மணிக்கு அவள் வந்து வெளியே நிற்பாள். பள்ளி மூடியபின் என்னை அந்தக் கட்டடத்துக்குத்தான் மாற்றியிருந்தார்கள். திறக்க முடியாதபடி முடுக்கியிருந்த ஜன்னலின் திருகுகளை நான் கழற்றினேன்.

"அவுலிஸ், நோயாளிக்குச் சளி பிடிச்சா யாரு பொறுப்பு?" என்று அதட்டினாள் செவிலி ஸானெல்மா. ஆனால் அவளே போய் இன்னொரு கம்பளி எடுத்து வந்து அவனுக்குப் போர்த்தினாள்.

பத்து நிமிடம். ஹெல்லேவி கையை உள்ளே நீட்டுவாள், அவன் பிடித்துக்கொள்வான். "இன்னிக்கு வலையில ரெண்டு மீன்தான்டா. நீ இல்லாம மீனுக்கெல்லாம் திமிரு ஏறிப்போச்சு" என்பாள். அவன் வாயின் ஒரு பக்கம் சிரிக்கும்.

ஜனவரியில் தரைத்தளச் சுவர்களிலும் பூஞ்சை இருப்பது உறுதியாகி, நோயாளிகளை இரண்டாம் மாடிக்கு ஏற்றினார்கள். அங்கிருந்த ஜன்னல்கள் திறக்கவே திறக்காதவை. ஹெல்லேவி அப்போதும் இரண்டு மணிக்கு வந்து கீழே பனியில் நின்று கையை ஆட்டினாள். படுத்திருப்பவனுக்கு வானம் மட்டும்தான் தெரிந்தது.

"போயிட்டா" என்றான் என்னிடம், குழறிக்கொண்டு. "விட்டுட்டுப் போயிட்டா."

"கீழதான்டா நிக்கிறா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். குளியலறைக் கண்ணாடியைக் கழற்றி வந்து, கீழே நிற்பவள் அதில் தெரியும்படி ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தேன். ரொம்ப நேரம் பார்த்தான். "யாரு அது?" என்று கேட்டான்.

கீழே இறங்கினேன். "பாத்தானா?" என்றாள்.

"பாத்தான். கையாட்டினான்" என்றேன்.

மார்ச் மாதத்தில் ஒரு காலை ஸானெல்மா அவளுக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "இன்னிக்குத் தாண்டாது. வர்றதுன்னா இப்பவே வாங்க."

வடிகட்டி வைத்த முகமூடியை மாட்டிக்கொண்டு ஹெல்லேவி மாடி ஏறினாள். முகமூடியைக் கண்டு தவுனோ மிரண்டு சுவர்ப்பக்கம் ஒதுங்கினான். அவள் அதைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"ஹெல்லேவி, வேணாம். அதைப் போடு" என்றேன்.

"என் முகம் தெரிய வேணாமா அவனுக்கு?"

தெரிந்தது. பெயர் வரவில்லை, ஆனால் கையைத் தேடிப் பிடித்தான். ஒன்றரை மணி நேரம் அப்படியே இருந்தார்கள். அவன் மூச்சு மெள்ள அடங்க அடங்க, அவள் மூச்சு விசில் அடிக்கத் தொடங்கியது. யார் சொல்லியும் அவள் எழுந்திருக்கவில்லை. அவன் போனபின், நானும் ஸானெல்மாவும் அவளை நாற்காலியோடு தூக்கிக் கீழே கொண்டுவந்தோம்.

அதோடு அவள் குரல் போய்விட்டது. கிசுகிசுப்பாகத்தான் பேச முடிந்தது. வேலையால் வந்த நோய் என்று இழப்பீடு கேட்டுப் போட்ட விண்ணப்பத்துக்கு, காரணம் உறுதிப்படவில்லை என்று பதில் வந்தது.

சென்ற ஆகஸ்டில் மரத்தாலேயே கட்டிய புதுப் பள்ளியைத் திறந்தார்கள். அவளுக்கும் அழைப்பு போயிருந்தது. நல்ல நீலச் சட்டை அணிந்து வந்து, படிக்கட்டுக்குக் கீழே நின்றாள். உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"வா ஹெல்லேவி. எல்லாம் புதுசு. ஈரமே கிடையாது."

"புது மர வாசனையும் இப்ப ஆகல அவுலிஸ்" என்றாள், காதருகே குனிந்தால்தான் கேட்கும் குரலில். "நீ போ. யாரு யாரு பாடுறாங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

நான் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது அவள் சாலை வளைவைத் தாண்டி நடந்துகொண்டிருந்தாள். நான் கூப்பிட்டேன். திரும்பிப் பதில் குரல் கொடுக்க அவளால் முடியாது. கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தாள்.