பள்ளத்தின் பக்கம் ஓடிய ஊசி

முதலில் மேசையைத் திட்டினேன். பிறகு மேசையைச் செய்த தச்சனை. அதற்குப் பிறகு மனைவியை. ஆள் பார்த்துத் திட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. இவர்கள் யார் மேலும் தப்பில்லை என்று தெரிந்தபோது திட்ட வாய் வரவில்லை. பயம் வந்தால் எனக்கு வாய் அடைத்துவிடும்.

எங்கள் வீடு கண்டியிலிருந்து ஹேவாஹெட்டைக்கு ஏறும் வீதிக்குக் கீழே, சரிவில் இருந்தது. எங்கள் முற்றத்திலிருந்து படி இறங்கினால் மனைவியின் தம்பி வீடு. ஒரே காணிதான். மாமனார் இரண்டாகப் பிரித்து, மேல் துண்டை மகளுக்கும் கீழ்த் துண்டை மகனுக்கும் கொடுத்தார். அவன் தலைக்கு மேலே எங்கள் வீடு. எங்கள் காலுக்குக் கீழே அவன் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும்.

என் அப்பா கடுகண்ணாவையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை இசைத்தட்டு சுற்றிக்கொண்டே இருக்கும். அவர் போன பிறகு அந்தத் தட்டுகள் பெட்டி பெட்டியாக என்னிடம் வந்தன. பல வருஷம் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான், பூஞ்சணம் தின்று தீர்ப்பதற்குள் கணினியில் ஏற்றிவிடலாம் என்று தொடங்கினேன். பாசம் கீசம் என்று எதுவும் இல்லை. ஏற்றி முடித்ததும் தட்டுகளை விற்றுவிடுவது என்றுதான் இருந்தேன்.

பொறுமையைச் சோதிக்கிற வேலை அது. கடையின் வடைச் சட்டி எண்ணெய்ப் புகை தட்டுகளின் வரிகளுக்குள் படிந்து இறுகிப்போயிருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பில் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், குழந்தைக்குப் பல் தேய்க்கும் பிரஷ். நடுவில் ஒட்டியிருக்கும் காகிதம் நனையக் கூடாது. காய வைத்து, தட்டுச் சுழற்றியில் போட்டு, ஊசியை இறக்கி, ஒரு சின்னப் பெட்டி வழியாக மடிக்கணினிக்கு வயர் கொடுத்து, பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். எவ்வளவு நேரப் பாட்டோ அவ்வளவு நேரம். அவசரப்படுத்த முடியாது.

இதில் முக்கியம் மட்டம். சுழற்றி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஊசி வரியின் ஒரு சுவரிலேயே உரசும். ஒரு காதில் சத்தம் கரகரக்கும். அதனால் தினமும் காலையில் மேசன்மார் வைத்திருக்கிற ரசமட்டத்தைத் தட்டின் மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பேன். இன்னொரு சோதனையும் உண்டு. அப்பாவின் பெட்டியில் ஒரு தட்டு இருந்தது. ஒரு பக்கம்தான் பாட்டு. மறுபக்கம் வரியே இல்லாமல் கண்ணாடி மாதிரி வழவழப்பு. அதன் மேல் ஊசியை வைத்தால், எல்லாம் சரியாக இருந்தால், ஊசி வைத்த இடத்திலேயே நிற்கும்.

ஒரு நாள் அது நிற்கவில்லை. மெதுவாக வெளியே வழுக்கிக்கொண்டு போனது. வலது பக்கம். பள்ளத்தின் பக்கம்.

மேசைக் காலுக்கு அடியில் தீப்பெட்டி அட்டையை மடித்து வைத்தேன். சரியானது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே பக்கம் ஓடியது. இன்னொரு அட்டை வைத்தேன். அடுத்த நாள் அதுவும் போதவில்லை.

"மேசைய யாரு நகர்த்துனது?" என்று கத்தினேன்.

மனைவி அடுப்படியிலிருந்து வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "நான் தொடவே இல்லைங்க. ஒங்க பெட்டிக்குப் பேய் புடிச்சிருக்கு. கோயிலுக்குக் கொண்டு போய் மந்திரிச்சுட்டு வாங்க."

"கூட்டுறப்ப இடிச்சிருப்ப."

"அந்தப் பக்கம் கூட்டியே ஒரு வாரம் ஆவுது. வேணும்னா தூசிய எண்ணிப் பாருங்க."

மேசையை எடுத்து வெளியே போட்டேன். சுழற்றியை முன்னறைச் சிமெந்துத் தரையிலேயே வைத்து, மட்டம் பிடித்து, யாரும் கிட்டே வரக்கூடாது என்று சொல்லிவிட்டேன். சிமெந்துத் தரையில் கறையான் இல்லை. ஆடுகிற கால் இல்லை. மறுநாள் காலையில் குமிழியைப் பார்த்தேன். மேட்டுப் பக்கம் ஏறி நின்றது. தரையே பள்ளத்தின் பக்கம் சாய்ந்திருந்தது.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெளியே மழை. அந்த மாதம் முழுக்க மழைதான்.

ஏன் பயந்தேன் என்று சொல்ல, கீழ் வீட்டு மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடலாம் என்று அவன் அந்த வருஷம் பெக்கோ இயந்திரத்தைக் கொண்டுவந்து, எங்கள் வீட்டுக்கு அடியில் இருந்த மண் திட்டை நேராக வெட்டினான். வெட்டிய இடத்தில் இரண்டு அறை. மண் விழாமல் ஒரு கல் மதில். மதிலுக்குள் இருக்கிற தண்ணீர் வடிய மேசன் குழாய் வைத்திருந்தான். அந்தத் தண்ணீர் முற்றத்தில் ஓடிப் பாசி பிடிக்கிறது, வருகிறவர்கள் வழுக்கி விழுவார்கள் என்று இந்த மடையன் குழாய்களைச் சிமெந்து வைத்து அடைத்தான். அன்றைக்கு நான் படியில் நின்று பேசிய பேச்சு வீதிவரை கேட்டது. அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

எங்கள் சுவர்களில் வெடிப்பு வராமல் இல்லை. வந்தது. தீபாவளிக்கு ஆட்கள் வருவார்களே என்று நாங்களே அதைப் பூசி, மேலே புதுப் பெயின்ட் அடித்தோம். இளம் பச்சை. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

தரையில் உட்கார்ந்திருந்தவன், சுழற்றியை நிறுத்திவிட்டு, சுற்றாத தட்டின் மேல் ஊசியை வைத்தேன். ஹெட்போனை மாட்டிச் சத்தத்தைக் கூட்டினேன். ஊசி எதையும் விடாது. பக்கத்தில் யாராவது நடந்தால்கூட அந்த அதிர்வை எடுத்துக் காதில் கொடுக்கும். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கீழேயிருந்து, மிகவும் கீழேயிருந்து, ஈர விறகு முறிகிற மாதிரி ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அதோடு சேர்ந்து நீளமாக ஒரு உறுமல். மடிக்கணினித் திரையில் அந்த உறுமல் தடித்த கோடாக ஓடியது. தட்டு சுற்றவில்லை. வீட்டில் யாரும் நடக்கவில்லை.

மனைவியைக் கூப்பிட்டு மாட்டிவிட்டேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"லொறியா?" என்றாள்.

எழுந்து வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். வீதியில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்து மறுபடியும் மாட்டிக்கொண்டாள். இந்த முறை கழற்றித் தரையில் வைத்துவிட்டுக் கீழ்ப் படியைப் பார்த்தாள்.

"கீழ புள்ளைங்க இருக்குங்க" என்றாள்.

கிராம அலுவலருக்குப் போன் செய்தேன். நல்ல மனுஷன். மழையில் நாலு பக்கமும் ஓடிக்கொண்டிருந்தார். "வெடிப்பு தெரியிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்க ஐயா, மேல அனுப்பிப் பார்க்கிறேன்" என்றார். எதைப் படம் எடுப்பது? சுவர் பளபளவென்று பச்சையாக நின்றது. ஊசி ஓடுகிறது என்று சொன்னேன். எந்த ஊசி என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "ஐயா, சந்தேகமா இருந்தா ஒரு ரெண்டு நாளைக்கு வெளிய போய் இருங்களேன்" என்றார்.

நாங்கள் வெளியே போகலாம். கீழே இருக்கிறவன் போக வேண்டுமே.

குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் படி இறங்கினோம். மச்சான் புது அறை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். உள்ளே பிள்ளைகள் கல் மதிலை ஒட்டிய கட்டிலில் குப்புறப் படுத்துப் பாட வேலை செய்துகொண்டிருந்தார்கள். மதிலைப் பார்த்தேன். அடைத்த குழாய்களில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் கல்லுக்குக் கல் நடுவில் காவி நிறத்தில் கசிந்துகொண்டிருந்தது. மதிலின் நடு வயிறு முன்னால் தள்ளியிருந்தது.

"தம்பி, புள்ளைங்கள கூட்டிக்கிட்டு மேல ரோட்டுக்கு வா. வீடு நகருது" என்றாள் மனைவி.

"என்னக்கா ஒளர்ற?"

"அவரு மெஷின்ல கேட்டோம். நானே கேட்டேன்."

அவன் சிரித்தான். உள்ளே திரும்பித் தன் மனைவியிடம் சொன்னான். "ஏ, இங்க வா. மச்சான் பாட்டுப் பெட்டியில மண்சரிவு போடுறாராம். நாளைக்கு வானிலை அறிக்கையும் வாசிப்பாரு."

அவள் சிரிக்கவில்லை. சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சிரிக்காதடா" என்றாள் என் மனைவி.

"அக்கா, இது கருங்கல்லு மதில். யானை இடிச்சாலும் அசையாது. ரூம் கட்டுனது மச்சானுக்கு வயிறு எரியுது. அதுக்கு இப்பிடி ஒரு கதை."

நான் அவனை அடித்திருக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் அவன் பரம்பரையையே இழுத்திருப்பேன். அன்றைக்கு வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. மதிலின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். குடையிலிருந்து தண்ணீர் என் தோளில் ஊற்றியது. குடையை நிமிர்த்தக்கூட முடியவில்லை.

மச்சான் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தான்.

"என்னக்கா, மச்சான் ஏசாம நிக்கிறாரு?"

அவன் எழுந்து என் முகத்துக்குக் கிட்டே வந்து பார்த்தான். பிறகு திரும்பி, நான் பார்த்த இடத்தைப் பார்த்தான். என்ன நினைத்தானோ, கட்டிலிலிருந்து சின்னவளைத் தூக்கிவிட்டான். அவன் மனைவி அதற்குள் பெரியவளின் கையைப் பிடித்துப் படியில் பாதி ஏறியிருந்தாள். செருப்புகூடப் போடவில்லை.

அன்றைக்குக் கோயில் மண்டபத்தில் தங்கினோம். எங்களைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது என்றால் பொய். அவர்கள் சிரித்தது காதிலேயே ஏறவில்லை. என் காதில் அந்த விறகு முறிகிற சத்தம்தான் இருந்தது. தலைக்குத் துணி சுற்றிப் பார்த்தேன், போகவில்லை.

மறுநாள் காலையில், பிள்ளைகளுக்குப் பாண் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது, மதில் போனது. மண்டபத்திலேயே தரை ஆடியது. ஓடிப்போய் வீதியில் நின்று பார்த்தோம். புது அறைகள் இருந்த இடத்தில் சிவப்புச் சேறு. அவன் பழைய வீட்டில் பாதிவரை மண். எங்கள் அடுப்படி கழன்று, அந்தச் சேற்றின் மேல் கவிழ்ந்து கிடந்தது. தட்டுகள் இருந்த அறையும் பிளந்துவிட்டது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மச்சானின் மனைவி வீதியிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

இப்போது அதிகாரிகள் எல்லோரும் வந்தார்கள். படம் எடுத்தார்கள். இரண்டு வீட்டிலும் இனி யாரும் இருக்கக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள்.

நாங்கள் கண்டிக்குக் கீழே ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். இரண்டு அறை. மச்சானின் மனைவியும் பிள்ளைகளும் எங்களோடுதான். அவன் இல்லை. மழை விட்ட வாரமே மறுபடியும் பெக்கோக்காரனுக்குப் போன் செய்து, மண்ணை அள்ளிவிட்டுப் பழைய வீட்டில் மிஞ்சிய பாதிக்குத் தகரம் அடித்தான். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்தபோது என் மனைவி வாசலை மறித்து நின்றாள்.

"நீ போறதுன்னா போ. புள்ளைங்க இங்கதான் இருக்கும்."

"அது என் காணிக்கா. விட்டுட்டு எங்க போறது?"

"போ. புள்ளைங்க வராது."

அவன் தன் மனைவியைப் பார்த்தான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் தனியாகப் போனான். நான் அவனைத் திட்டியதெல்லாம் அதற்குப் பிறகு, போனில், நிறைய. பிரயோசனம் இல்லை. ஒட்டியிருந்த நோட்டீசைக் கிழித்துவிட்டு அங்கேயே இருக்கிறான்.

பின்நேரத்தில் மேகம் கறுத்துக்கொண்டு வந்தால் எங்கள் வீட்டில் பேச்சு குறைந்துவிடும். முதல் துளி எங்கள் கூரைத் தகரத்தில் விழுந்ததும் மனைவி போனை எடுத்து அவனுக்கு அழைப்பாள். பிள்ளைகள் இரண்டும் வந்து அவள் மடியை ஒட்டி நிற்கும். மணி போகும். போய்க்கொண்டே இருக்கும். எடுத்தால், "இன்னும் சாகலக்கா" என்பான். அவன் எடுக்கும்வரை யாரும் ஒரு வாய் சாப்பிடுவதில்லை.