அடித்தவன்தான் எடுக்க வேண்டும்

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. ஆனி மாதம். கல்லூரி திறந்த கையோடு கால்பந்துப் பயிற்சியும் தொடங்கிவிட்டது.

எங்கள் பயிற்சியாளரை எல்லாரும் ‘மாஸ்டர்’ என்போம். பொல்லாத கோபக்காரர். அவர் வாயில் விசில் இருந்த நேரத்தைவிட வசவு இருந்த நேரம்தான் அதிகம். ஆனால் அவர் கை பட்டால் கட்டையும் பந்தடிக்கும் என்று ஊருக்குள் பேர். சனிக்கிழமை காலையில் எங்களைக் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார். மணலில் ஓடினால்தான் காலுக்கு உரம் ஏறும் என்பது அவர் கட்சி.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. பந்து வெளியே போனால் அடித்தவன்தான் போய் எடுத்து வர வேண்டும். முள்ளுக்காடோ, சாக்கடையோ, உப்பளமோ, அது அவன் பாடு. “ஒழுங்கா அடிக்கத் தெரியாதவன் நடந்தாத்தாம்லே புத்தி வரும்” என்பார்.

அன்று என் உதை கோணிக்கொண்டது. பந்து கடலில் போய் விழுந்தது. கிட்டத்தில்தான் மிதந்தது.

“என்னலே பாத்துக்கிட்டு நிக்க? அடிச்சவன் போ” என்றார் மாஸ்டர்.

நான் ஏரல் பக்கத்துக்காரன். ஆற்றில் வெள்ளம் போகும்போதே அக்கரைக்கு நீந்திப் போய் வந்தவன். கடல் என்ன, பெரிய ஆறுதானே என்று இறங்கிவிட்டேன். கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் கச்சான் காற்றைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? கடற்கரையில் பிறந்தவன் எவனும் அந்தக் காற்றில் மிதந்து போகிற பொருளைத் துரத்த மாட்டான். இதோ, இதோ என்று பந்து போய்க்கொண்டே இருந்தது, நானும் போய்க்கொண்டே இருந்தேன். காற்று சற்று ஓய்ந்தபோது ஒருவழியாகப் பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கரையில் நின்றவர்களின் முகம் தெரியவில்லை.

அப்போதுதான் அலைக்கு நடுவே ஒரு தலை தெரிந்தது. எங்கள் அணியில் பின்னால் நின்று ஆடுகிறவன், விடுதியில் என் அறைக்காரன், மணப்பாட்டுக் கடற்கரைப் பையன். மாஸ்டர் கத்திக் கூப்பிட்டும் கேளாமல் கடலுக்குள் பாய்ந்தான் என்று பிறகு சொன்னார்கள். வந்ததும் வராததுமாக என்னைத் திட்டினான்.

“ஏலே கூறுகெட்டவனே, கச்சான்ல எவனாவது பந்தத் தொரத்துவானாலே?”

என் கையிலிருந்த பந்தை என் நெஞ்சுக்கடியில் தள்ளினான்.

“இதக் கட்டிப் பிடிச்சுக்கோ. கரையப் பாத்து நீந்தாத, தெம்பு போயிரும். அந்தா ஒரு வள்ளம் போவுது. நான் போயிக் கூட்டிட்டு வாரேன்.”

ஒரு பந்து ஒருவனைத்தான் தாங்கும். அவன் அதில் ஒரு விரல்கூட வைக்கவில்லை.

வள்ளம் வந்தது. அதிலிருந்த மீனவர்கள் என்னை அள்ளி உள்ளே போட்டார்கள். அவன் எங்கே என்று கேட்டேன். அவர்களில் ஒருவர் சொன்னார்.

“தண்ணிக்கு மேல ஒரு கை ஆடுச்சு தம்பி. அதப் பாத்துட்டுத்தான் வள்ளத்தத் திருப்புனோம். கிட்ட வரும்போது கையக் காணல. சுத்திச் சுத்தித் தேடுனோம், ஒன் தலைதான் தெரிஞ்சுது.”

வெயில் சாயும் வரை அங்கேயே தேடினோம். இரண்டு நாள் கழித்து, தெற்கே ஒரு கரையில் அவன் ஒதுங்கினான்.

மணப்பாட்டில் அடக்கம். கல்லறைத் தோட்டத்து வாசல் வரை வந்த மாஸ்டர் அதைத் தாண்டி உள்ளே வரவில்லை. எல்லாம் முடிந்து அவனுடைய அப்பா வெளியே வந்தார். மாஸ்டரை அடிக்கப்போகிறார் என்று பயந்தோம். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் நேராக மாஸ்டர் முன்னால் வந்து நின்று கேட்டார்.

“பந்து கெடச்சிட்டா சார்?”



“கெடச்சிட்டு” என்றார் மாஸ்டர்.

அவனுடைய அப்பா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

மாஸ்டர் வேலையை விட்டுவிடுவார் என்று நினைத்தோம். விடவில்லை. இந்த மனுஷனுக்கு மறுபடி விசில் ஊத எப்படி மனம் வருகிறது என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நான் ஆட்டத்தை விட்டேன். ஆனால் மைதானத்துப் பக்கம் போகும்போது ஒன்றைக் கவனித்தேன். பந்து வெளியே போனால் எல்லாரையும் நிற்கச் சொல்லிவிட்டு மாஸ்டரே போய் எடுத்து வந்தார். கடற்கரைக்கு யாரையும் அவர் மறுபடி கூட்டிக்கொண்டு போகவில்லை.

வருடங்கள் ஓடின. அவரிடம் பயின்றவர்கள் எங்கெங்கோ போய் ஆடினார்கள், கோப்பைகள் வந்தன. அவர் ஓய்வு பெற்ற விழாவுக்கு எனக்கும் அழைப்பு வந்தது. மேடையில் ஒரு மாணவன் பேசினான்.

“நம்ம மாஸ்டருக்குப் பந்துன்னா உசுரு. வெளிய போச்சுன்னா நம்மள நம்பவே மாட்டாரு. முட்டுவலியோட நொண்டிக்கிட்டு அவரேதான் போவாரு!”

பந்தல் முழுக்கச் சிரித்தது. மாஸ்டர் சிரிக்கவில்லை. கூட்டத்தில் யாரையோ தேடினார். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

விழாவுக்குப் பிறகு மாணவர்கள் ஓர் ஆட்டம் ஆடினார்கள். பந்து எல்லையைத் தாண்டி வேலியோரம் உருண்டது. ஒருவன் எடுக்க ஓடினான். மாஸ்டர் கையை உயர்த்தி அவனை நிறுத்தினார். கழுத்து மாலையோடு நாற்காலியிலிருந்து எழுந்து நொண்டிக்கொண்டே நடந்தார். என்ன தோன்றியதோ, நானும் கூடப் போனேன். பந்து முன்னால் கிடந்தது. குனிந்து எடுக்க இரண்டு பேருக்கும் கை வரவில்லை. மாஸ்டர் அங்கேயே நின்று அழுதார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். மன்னித்தேனா என்று கேட்டால், தெரியாது.

இப்போது மாஸ்டர் இல்லை. எங்கள் தெருவில் பையன்கள் பந்து விளையாடும்போது ‘அடிச்சவன்தான் எடுக்கணும்’ என்று ஒரு குரல் கேட்கும். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் நான் எழுந்து போய்ப் பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வருவேன். மகனைப் பறிகொடுத்தவர் அன்று வாசலில் கேட்ட கேள்விக்கு, அந்தப் பந்தால் உயிர் பிழைத்த என்னால் சொல்ல முடிகிற பதில் இது ஒன்றுதான்.