முழுப் பாட்டையும் அனுப்பினேன்

அந்தக் காணொளி பதினெட்டு விநாடிதான். அதை எடுத்தவர் என் கணவரின் அக்கா. ஜெர்மனியில், பீலெஃபெல்டில் அவர் வீடும் எங்கள் வீடும் அப்போது ஒரே தெருவில் இருந்தன. மச்சாள், மச்சாள் என்று இருபத்திரண்டு வருடமாக அவர் பின்னால் திரிந்தவள் நான். அவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் பலகாரம் சுட்டவளும் நான்தான்.

அந்தக் கோடையில் எங்கு போனாலும் ஒரே ஆபிரிக்கப் பாட்டு. ட்ராமுக்குள்ளும் அதுதான், துருக்கிக் கடையிலும் அதுதான். துள்ளலான கிட்டாரோடு தொடங்கும். ஒரு நிமிடம் தாண்டியதும் கிட்டார் சட்டென்று நிற்கும். பிறகு வயிற்றுக்குள் இடிக்கிற மாதிரி ஒரு கனத்த தாளம் மெதுவாக வரும். வயதுக்கு வந்த உறவுக்காரப் பிள்ளை ஒருத்தியின் சாமத்தியச் சடங்கில் அதைப் போட்டபோது இளம்பெண்கள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நாற்பத்தாறு வயதில், பட்டுச் சேலையோடு, ஆடத் தெரியாமலே ஆடினேன். சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலையில் குடும்ப வாட்ஸப் குழுவில் அந்தப் பதினெட்டு விநாடி வந்தது. மச்சாள் கீழே எழுதியிருந்தார்: "எங்கட வீட்டு ஆபிரிக்காக்காரி. மேளம் கேட்டா நிக்க ஏலாது." லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அதில் ஒன்று என் கணவர் போட்டது.

"சும்மா சிரிக்க, பம்பலுக்குத்தானே போட்டவ," என்றார் அவர். "உதுக்கேன் முகத்தைத் தூக்கி வச்சிருக்கிறீர்?"

அன்றைக்கே அவரோடு சண்டை பிடித்திருந்தால் ஆறியிருக்கும்.

நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பாத்திரம் கழுவும் பகுதியில் வேலை செய்கிறேன். என்னோடு கானா நாட்டுப் பெண் ஒருத்தி வேலை செய்கிறாள். நாங்கள் ஜெர்மனில்தான் பேசிக்கொள்வோம், இரண்டு பேருக்கும் இலக்கணம் கிடையாது. அவளிடம் காணொளியைக் காட்டினேன். ஆட்டத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை.

"கீழே என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டாள்.

மொழிபெயர்த்துச் சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கூசியது. அந்த வார்த்தை என்மேல் மட்டும் விழவில்லை என்பது அவள் முகத்தைப் பார்த்ததும்தான் உறைத்தது. அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு தட்டு அடுக்கை இயந்திரத்துக்குள் தள்ளினாள்.

"நாளைக்கு வேலை முடிந்ததும் உடனே போகாதே," என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. தரையைக் கழுவிவிட்டு, அது காய்ந்து பேருந்து வருவதற்குள் எங்களுக்கு இருபது நிமிடம் கிடைக்கும். அவள் கைபேசியை ஒரு பெரிய சூப்புப் பானைக்குள் வைப்பாள், சத்தம் நன்றாகக் கேட்பதற்காக. "முதல் பாதிக் கிட்டார் எங்கள் நாட்டுடையது," என்றாள். "அடிக்கிற தாளம் நைஜீரியாவுடையது. நடுவில் எல்லாம் நின்று மெதுவாக ஒன்று வருகிறதே, அது தென்னாபிரிக்கா. அதற்கு இந்தக் கால் சரிவராது, வேறு கால் வேண்டும்." முதல் பாதிக்கு மூன்று வாரம் போதுமாயிருந்தது. இரண்டாவது பாதி குளிர்காலம் முழுவதையும் எடுத்தது. முழங்காலை மடித்து, தோளைத் தளர்த்தி, தாளத்துக்கு முன்னால் ஓடாமல் காத்திருக்க வேண்டும். எனக்குக் காத்திருக்கத் தெரிந்திருந்தது.

வசந்தத்தில் மச்சாளுக்கு ஐம்பதாவது பிறந்தநாள். அதற்குள் அந்தப் பாட்டின் தொடக்கத்தில் நாற்பது விநாடித் துண்டு எல்லாருடைய கைபேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தமிழ் டாக்டர்மார் வீட்டுப் பெண்களும் ஆடிப் போட்டார்கள். ஆகவே அது மச்சாளுக்கும் மரியாதையான பாட்டாகிவிட்டது. தன் நான்கு சிநேகிதிகளோடு மண்டபத்தில் ஆடப்போவதாகச் சொன்னார்.

"நீர் ஆட வரவேண்டாம்," என்றார் என்னிடம். "சேலை அஞ்சுதான் எடுத்தது. பாட்டுகளை மட்டும் டிஜேக்கு அனுப்பிவிடும். உமக்குத்தானே உந்த ஆபிரிக்கப் பாட்டெல்லாம் அத்துப்படி."

"எந்தப் பாட்டு மச்சாள், முழுசோ துண்டோ?"

"துண்டுதான். அதைத்தானே நாங்கள் பழகினது."

இரண்டும் என் கைபேசியில் இருந்தன. வேலைக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரிப்பிடங்கள் கடந்தன. பிறகு முழுப் பாட்டையும் அனுப்பினேன். கை தவறி அனுப்பிவிட்டேன் என்று இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை பிற்பகல். மண்டபத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். கடுகு மஞ்சள் சேலையில் ஐந்து பேரும் வந்து நின்றார்கள். முதல் நாற்பது விநாடி நன்றாகவே ஆடினார்கள், அதை மறைக்க மாட்டேன். கடைசி அடியில் கையைத் தூக்கிச் சிரித்தபடி நின்றார்கள். சனம் கைதட்டியது. பாட்டு நிற்கவில்லை.

மச்சாள் சிரிப்பைக் கலைக்காமல் மறுபடி முதல் அடியிலிருந்து தொடங்கினார். மற்றவர்கள் தடுமாறித் தொடர்ந்தார்கள். அப்போது கிட்டார் நின்றது. அந்தக் கனத்த தாளம் இறங்கியது. வேகமாக வைத்த கால்களுக்கு வைக்க இடமில்லை. ஒருத்தி கோலாட்டம் மாதிரிக் கைதட்டினாள். இன்னொருத்தி முந்தானையைச் சரிசெய்தாள். மச்சாள் டிஜேயைப் பார்த்துக் கையை ஆட்டினார். அவன் அதை உற்சாகம் என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டினான்.

நான் மெதுவாக நடந்து போனேன். யாரையும் பார்க்கவில்லை. முழங்காலை மடித்தேன், காத்திருந்தேன், ஆடினேன். மீதி இரண்டரை நிமிடமும் ஆடினேன். முதலில் பின்வரிசைப் பெண்கள் கத்தினார்கள், பிறகு மண்டபமே எழுந்தது. பக்கத்தில் மச்சாள் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பாட்டைவிட இனித்தது.

யாரோ எடுத்திருந்த காணொளியைக் கேட்டு வாங்கி, அன்றே குடும்பக் குழுவில் போட்டேன். ஒரு சொல்லும் எழுதவில்லை.

திங்கட்கிழமை அதைப் பார்த்த கானாக்காரி, "உன் இடது தோள் பிந்திவிட்டது," என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் மச்சாள் தொலைபேசியில் அழைத்தார்.

"நீர் வேணுமெண்டுதானே செய்தனீர்?"

"ஓம்."

இல்லை என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்போல.

"என்ர அம்பதாவது பிறந்தநாளெண்டு தெரிஞ்சுமோ?"

"தெரிஞ்சுதான் மச்சாள்."

"நான் உமக்கு என்ன செய்தனான்?"

அவருக்கு உண்மையிலேயே நினைவில்லை. பத்து மாதம் நான் நெஞ்சில் சுமந்ததை அவர் போட்ட அன்றே மறந்துவிட்டார். அந்த நொடியில் எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. குழுவில் பழையதைத் தேடிப் பார்க்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். தேடினாரா தெரியாது. அன்று மாலை என்னைக் குழுவிலிருந்து நீக்கினார்.

"ஒருக்கா மன்னிப்புக் கேட்டா என்ன குறைஞ்சு போயிடுவீர்?" என்றார் என் கணவர்.

"நீங்கள் அதுக்கும் ஒரு சிரிப்பு முகம் போடுவியளோ?" என்று கேட்டேன். எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

இந்த ஆவணியில் மச்சாள் புதுவீடு குடிபுகுந்தார். எனக்கு அழைப்பில்லை. கணவர் தனியாகப் போனார். நான் மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன், நன்றாகத் தூங்கினேன். பின்னேரம் அவர் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"வடை. அக்கா உமக்கெண்டு தந்து விட்டவ."

"அவவோ சுட்டது?"

"ஓம். இந்தமுறை தானேதான் சுட்டவ."

நின்றபடியே ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னாலும் அது பத்து நிமிடத்தில் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியும்.

வடை நன்றாகத்தான் இருந்தது.

"உப்புக் கூடிப் போச்சு," என்றேன்.