மோரில் கலந்த நாவல்கொட்டைப் பொடி

என் கணவருக்கு நீரிழிவு என்பதை முதலில் சொன்னவை எறும்புகள்தான். அவர் சிறுநீர் கழித்த இடத்தில் மொய்த்துக் கிடந்தன. சித்தூரில் மிஷன் பள்ளி வாத்தியார் அவர்; நாற்பது வயதுகூட ஆகவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அடுத்த தெருவிலிருந்த அவருடைய அக்கா, தினமும் காலையில் சிறுகுறிஞ்சான் இலைக் கஷாயம் கொண்டுவந்து குடிக்கவைத்தார். திருப்பதியிலிருந்து என் அண்ணன் நாவல்கொட்டையை இடித்துப் பொடியாக்கி அனுப்பினார்.

"இதுவா? பசங்களுக்கு வயித்தால போனா குடுக்கறதாச்சே!" என்று அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பிறந்த வீட்டு மருந்து அவ்வளவு மட்டமா? யாரிடமும் சொல்லாமல், அவர் காலையில் குடிக்கும் மோரில் தினமும் ஒரு கரண்டி கலந்தேன்.

ஒரே மாதத்தில் எறும்பு வருவது நின்றது. "பாத்தியாம்மா, என் கஷாயம் இன்னா வேல செய்யுதுன்னு!" என்று அக்கா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். வயிற்றெரிச்சலில் நான் பொடியை இரண்டு கரண்டியாக்கினேன்.

பெரிய வெள்ளியன்று அவர் உபவாசம். கஷாயத்தையும் மோரையும் மட்டும் குடித்துவிட்டுக் கோயிலுக்கு வந்தார். பிரசங்கத்தின் நடுவே ஆண்கள் பக்கத்தில் யாரோ சரிந்து விழுந்தார்கள். ஐயோ, அவரேதான்! உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது, வாய் குழறியது. என்னை யாரென்றே அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டே, உடம்பில் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிட்டது, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டார். அக்கா மார்பில் அடித்துக்கொண்டார்.

"நான்தான் குடுத்தேன் துரை! என் தம்பிய நானே சாவடிக்கப் பாத்தேனே!"

பக்கத்திலேயே நின்றிருந்த பாவி நான், வாயைத் திறக்கவில்லை.

அவர் தெளிந்ததும் அக்கா அழுதுகொண்டே முன்னால் வீட்டுக்குப் போய்விட்டார். சாயங்காலம் நாங்கள் இருவரும் ஜட்கா வண்டியில் திரும்பினோம். அவர் மெல்லக் கேட்டார்.

"இப்பல்லாம் மோருல பொடி ஜாஸ்தியா போடறியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சேவா குடிச்சிக்கினு இருந்தீங்க?"

"அந்தத் துவர்ப்பு நாக்குக்குத் தெரியாதா? கஷாயம் வேணான்னா அக்கா அழும். மோரு வேணான்னா நீ அழுவே. நான் இன்னா பண்றது?"

அட கடவுளே! எங்கள் இரண்டு பேருடைய வீம்பையும் இந்த மனுஷன் தினமும் மடக் மடக்கென்று குடித்திருக்கிறாரே!

அக்கா வீட்டு வாசலில் ஜட்காவை நிறுத்தச் சொன்னேன். உள்ளே அக்கா அழுவது கேட்டது. எப்படிச் சொல்வதென்று தெரியாமலே இறங்கிப் போனேன்.