ஆந்தை வீட்டில் வளர்ந்த காடை

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்து உட்காரும் பெண்களுக்கு முதல் பாடம், உயிருள்ளது எது, உயிரில்லாதது எது என்பது. மூச்சு விடும், உண்ணும், வளரும், தொட்டால் உணரும், தன்னைப் போல் இன்னொன்றை உண்டாக்கும் என்று கரும்பலகையில் எழுதுவேன். அவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டு பரீட்சையில் அப்படியே திருப்பித் தருவார்கள். அடுத்த பாடம் வகைப்பாடு. அதில் மட்டும் எங்கள் பக்கத்துப் பெண்கள் கெட்டிக்காரிகள். செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்க வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டுவிடுவார்கள். பிறந்ததிலிருந்து வீட்டில் அந்தப் பேச்சைக் கேட்டுத்தானே வளர்கிறோம்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கொங்கு நாட்டில் எங்களைப் போன்ற விவசாயக் குடும்பங்களுக்குக் கூட்டம் என்று ஒன்று உண்டு. ஆந்தைக் கூட்டம், காடைக் கூட்டம் என்று பறவைகளின் பெயரில் சில, வேறு பெயர்களில் பல. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் முன்பின் பார்த்திராதவர்களாக இருந்தாலும் பங்காளிகள். ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை. அவர்களுக்குள் கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. நாங்கள் காடை. எங்கள் வீட்டில் காடைக் கறி சமைத்து நான் பார்த்ததில்லை.

எனக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. வந்த வரன்களில் பாதிப் பேர் வேலையை விடச் சொன்னார்கள், மீதிப் பேர் என் உயரத்தைப் பற்றிப் பேசினார்கள். நல்ல வரன் குதிரைக் கொம்பு என்று அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வாரம் ஒரு முறை சொல்லிவிட்டுப் போவார். அந்த நிலையில்தான் கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வரன் வந்தது. வாழையும் நெல்லும் விளையும் வீடு, ஆந்தைக் கூட்டம், வேலையை விட வேண்டாம் என்று தரகர் சொன்னார். அப்பாவுக்கு அன்று இரண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

பெரியநாயக்கன்பாளையத்தை ஒட்டியிருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். வகுப்புக்காகப் பறித்த செடிகளைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி வைத்திருந்தேன். அம்மா அதை ஒளித்து வைக்க மறந்துவிட்டார். மாப்பிள்ளையாக வந்தவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காலேஜுல என்னங்க சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டார். எங்கள் ஊரில் பெண் பார்க்க வந்தவர் பெண்ணிடம் நேராகக் கேட்பது அபூர்வம்.

"உசுருள்ளது எது, இல்லாதது எதுன்னுங்க."

"அது பாத்தாவே தெரியாதுங்களா?"

"வெதையப் பாத்தாத் தெரியுதுங்களா? நகர்றதில்லை, வளர்றதில்லை, மூச்சு உடறதும் கண்ணுக்குத் தெரியறதில்லை."

"அப்ப ஊற வெச்சுத்தான் பாக்கோணுமுங்க" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். பெண் பார்க்கும் இடத்தில் பெண் வாய்விட்டுச் சிரித்தது எங்கள் வீட்டில் அதுவே முதல் முறை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

காபி வந்தது. தன்னுடன் வந்திருந்த அம்மாளிடம் அவர், "பெரியம்மா, சக்கரை போதுங்களா?" என்று கேட்டார். அத்தையின் காதுக்கு அது தப்பவில்லை.

"ஏனுங் தம்பி, பெரியம்மாங்கறீங்க? அம்மா வரலீங்களா?"

"பெத்தவங்க இவுங்களோட தங்கச்சிங்க. சின்ன வயசுலயே பெரியம்மா ஊட்டுக்குத் தத்துக் குடுத்துட்டாங்க."

"அப்பப் பொறந்தது எந்தக் கூட்டமுங்க?"

"காடைங்க" என்றார்.

அப்பா தம்ளரைக் கீழே வைத்தார். அவர்கள் எதையும் மறைக்கவில்லை. தத்துக் கொடுத்தவுடன் பிள்ளையின் கூட்டமும் மாறிவிட்டது என்பது அவர்கள் எண்ணம். பெண் காடை என்று தெரிந்தேதான் வந்திருந்தார்கள். தரகரோ வளர்த்த கூட்டத்தைக் கேட்டதோடு நிறுத்திக்கொண்டார். அப்பா, "கேட்டுப்போட்டுச் சொல்லி அனுப்பறனுங்க" என்று மரியாதையாக வழியனுப்பி வைத்தார்.

அப்பா நிஜமாகவே கேட்டார். அவருக்கும் அந்தப் பிள்ளையை விட மனமில்லை. குலதெய்வக் கோயில் பூசாரியிடம் போனார், பெரியவர்கள் வீடு வீடாகப் போனார். தத்துப் போனால் கூட்டம் மாறும் என்றார்கள் சிலர். ரத்தம் எங்கே மாறும் என்றார்கள் சிலர். கடைசியில் ஒரு நாள் சாப்பிட்டு முடித்துவிட்டு என்னிடமே கேட்டார்.

"உங்க படிப்புல இதுக்கு என்ன கண்ணு சொல்றாங்க?"

ஒரு காலத்தில் பூவின் மகரந்தத் தாள்களை எண்ணிப் பார்த்தே செடிகளைப் பிரித்து வைத்தார்கள் என்று சொன்னேன். அப்படி ஒரே ஒரு குணத்தை வைத்துப் பிரித்ததில் ஒட்டும் உறவும் இல்லாத செடிகளெல்லாம் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன, அதனால் பிறகு எல்லாக் குணங்களையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தார்கள் என்றும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாஞ் செரி. ஒரு செடியப் புடுங்கி வேற தோட்டத்துல நட்டா அது வேற செடி ஆயிருமா?"

"ஆகாதுங்கப்பா. கத்திரி எங்க நட்டாலும் கத்திரிதானுங்க."

முதலில் சொன்னதெல்லாம் போய், அவர் காதில் கத்திரி மட்டும்தான் நின்றது. மனிதர்கள் கத்திரிச்செடி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் கை கழுவ எழுந்துவிட்டார். எனக்கும் அந்தக் கோபிக்காரருக்கும் பொதுவான முன்னோர் யார் என்று கேட்டால் அந்தப் பூசாரிக்கே தெரியாது. ஆனால் என் தாய்மாமன் மகனை நான் கட்டிக்கொண்டிருந்தால் ஊரே திரண்டு வந்து வாழ்த்தியிருக்கும். எங்கள் வகைப்பாட்டின் லட்சணம் இதுதான். அன்று எனக்கு வந்த ஆத்திரத்தை இன்றும் நான் நியாயமென்றே நினைக்கிறேன்.

அப்பா பஸ் ஏறிக் கோபிக்குப் போய் நேரில் சொல்லிவிட்டு வந்தார். திரும்பி வந்தவர் முகத்தில் தெளிவு. "தங்கமான பையன். 'அதுக்கென்னுங்க, எனக்கு ஒரு தங்கச்சி கெடைச்சதா நெனச்சுக்கறேன்'னு சொல்லிப்போட்டான்" என்றார். எனக்கு அப்பாவின் மேல் வந்ததைவிட அந்த மனிதர் மேல் கோபம் அதிகமாக வந்தது. அவ்வளவு சுலபமாகவா?

சுலபமாகத்தான் தெரிந்தது. பொங்கலுக்கு வாழைத்தாரோடு வந்தார். அப்பாவோடு கிணற்றைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் பேசினார். என்னைத் தங்கை முறையில் "அம்மணி" என்று கூப்பிட்டார். கிளம்பும்போது, "வாரனுங் அம்மணி" என்பார். நான் "செரிங்கண்ணா" என்பேன். அந்த அண்ணாவைச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. அவர் சங்கடப்பட்ட மாதிரியே தெரியவில்லை. இந்த ஆளுக்குக் கல்லு நெஞ்சு என்று முடிவு கட்டினேன்.

பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்குப் போத்தனூரில் ரயில்வே வேலை. இந்த முறை அத்தை மூன்று தலைமுறையை விசாரித்துவிட்டுத்தான் காபியே கொடுக்கவிட்டார். நல்ல மனிதர். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் ஒரு சீர் உண்டு. மாப்பிள்ளையும் பெண்ணின் சகோதரனும் எதிரெதிரே உட்கார்ந்து கைகோத்துக்கொள்வார்கள். மங்கல வாழ்த்து பாடி முடிக்கிற வரை கையை எடுக்கக் கூடாது. எனக்குக் கூடப் பிறந்தவன் கிடையாது. பெரியப்பா மகன்கள் வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்தார்கள். அப்பா யோசிக்கவே இல்லை. கோபிக்கு ஆள் அனுப்பிவிட்டார். பிறப்பால் காடைதானே, முறைப்படி என் அண்ணன்தானே.

அவர் முதல் நாளே வந்து பந்தல் வேலையில் இறங்கிவிட்டார். சீருக்கு நேரமானதும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு மாப்பிள்ளைக்கு எதிரே போய் உட்கார்ந்தார். இருவர் கையும் கோத்துக்கொண்டன. வாழ்த்து நீளமானது. நான் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

பந்தியில் இலை போட்ட பிறகு என் கணவர் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"உங்கண்ணனுக்கு ஒடம்புக்கு எதாச்சும் சொகமில்லையா?"

"ஏனுங்க?"

"கை நடுங்கிட்டே இருந்துச்சு. பாட்டு முடியற வரைக்கும் நான் அழுத்திப் புடிச்சுட்டே இருந்தேன். இல்லாட்டி எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் பந்தியின் கடைசியில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.